அம்பயரின் நான்கு பாகை

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் மூன்றாம் மாடி கண்ணுக்கு, நான்காம் மாடி கழுத்துக்கு. மூன்றாம் மாடியை ஆண்டவர் கண் புரொபசர், நான்காம் மாடியை ஆண்டவர் கழுத்து புரொபசர். இருவரும் முகம் கொடுத்துப் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. ஏதோ ஒரு மாநாட்டில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது மற்றவர் கொட்டாவி விட்டாராம். விட்டவர் யார் என்பதில் இரண்டு மாடிகளுக்கும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை.

இரண்டு மாடிகளுக்கும் நடுவில் உள்ள படிக்கட்டில் ஏழு வருஷமாக ஏறி இறங்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டவள் ஒருத்தி உண்டு. வாசல் காவலர் முதல் கேன்டீன்காரர் வரை அவளை ஸ்காலரம்மா என்றே கூப்பிட்டார்கள். முப்பத்து நான்கு வயது, பொறுமைசாலியான ஒரு கணவன், ஒன்றாம் வகுப்பில் ஒரு மகள், போனில் மட்டும் வந்துபோகிற ஒரு மாமியார்.

"நீ டாக்டர் ஆயிட்டா காய்ச்சலுக்கு ஒரு மாத்திரையாவது எழுதித் தருவியாம்மா?" என்று மாமியார் கேட்பார்.

"இல்ல அத்தை, இது வேற டாக்டர்."

"மாத்திரைகூட எழுதாத டாக்டருக்கு எதுக்கும்மா ஏழு வருஷம்?"

மாமியாரின் எத்தனையோ கேள்விகளுக்கு அவள் சுடச்சுடப் பதில் சொல்லியிருக்கிறாள். இதற்கு மட்டும் குக்கர் விசிலடிக்கிறது என்று போனை வைத்துவிடுவாள்.

அவளுடைய ஆராய்ச்சி மூளைத்தண்டைப் பற்றியது. மூளைக்கு அடியில், கழுத்து தொடங்குகிற இடத்துக்கு மேலே, கட்டைவிரல் பருமனுக்கு இருக்கிற சமாசாரம். பக்கத்தில் யாரோ கூப்பிட்டால் நாம் திரும்பிப் பார்க்கிறோம். இதில் என்ன பெரிய வித்தை என்று தோன்றும். கண் லேசானது, துள்ளி முதலில் ஓடிவிடும். தலை கனமானது, ஆடி அசைந்து பின்னால் வரும். தலை வந்து சேரும்போது கண் அதே அளவு பின்வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பார்வை இலக்கைத் தாண்டிப் போய்விடும். கண்ணுக்கு எவ்வளவு, கழுத்துக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்துக் கொடுத்து, ஒருவர் வந்ததும் மற்றவரை விலகச் சொல்லி, கண் மூடித் திறப்பதற்குள் காரியத்தை முடித்து வைப்பது தண்டு. நமக்கும் அப்படித்தான், குரங்குக்கும் அப்படித்தான். இதற்காகத் தண்டை யாரும் ஒரு வார்த்தை பாராட்டியது கிடையாது.

கண் புரொபசரின் கட்சி: தண்டு ஆணையிடுவது கண்ணுக்கு மட்டும்தான், தலை என்பது எஜமானுக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வருகிற எடுபிடி. கழுத்து புரொபசரின் கட்சி: கழுத்துக்குத் தனி ஆணை, தனி மரியாதை, கண்ணை நம்பிக் கழுத்து பிழைக்கவில்லை. ஸ்காலரம்மாவுக்கு இரண்டு பேரும் வழிகாட்டிகள். ஆய்வேட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மாதக் கடைசிக்குள் போடாவிட்டால் அவள் பெயர் பதிவேட்டிலிருந்து தானாக நீங்கிவிடும். ஏழு வருஷமும் போச்சு. அவளுக்குத் தூக்கம் போனது இதனால்தான்.

இரண்டு மாடிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு குரங்குதான் உண்டு. பெயர் அம்பயர். டென்னிஸ் அம்பயரைப்போல உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, இடம் வலமாக மாறி மாறி எரியும் விளக்குகளைக் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பான் என்பதால் வந்த பெயர். சரியாகப் பார்த்தால் குழாயில் இரண்டு சொட்டுப் பழச்சாறு வரும். முடியைவிட மெல்லிய ஒரு கம்பி அவனுடைய தண்டின் உச்சியில் என்ன ஆணை பிறக்கிறது என்று ஒட்டுக் கேட்கும். காலையில் அவன் கண் பிரிவுக்குச் சொந்தம், மதியத்துக்கு மேல் கழுத்துப் பிரிவுக்கு. காலையில் தலை அசையக் கூடாது, எனவே தலைப்பிடி என்கிற இரும்பு வளையத்தை ஸ்க்ரூ போட்டு இறுக்குவார்கள். மதியம் தலை தாராளமாகத் திரும்ப வேண்டும், எனவே அதே ஸ்க்ரூவைக் கழற்றுவார்கள். இறுக்குகிறவர் ஒரு மெக்கானிக், கழற்றுகிறவர் வேறொரு மெக்கானிக். மாடிகளுக்கிடையே பேச்சு வார்த்தை இல்லாததால் இவர்களும் பேசிக்கொள்வதில்லை, விசுவாசம் என்றால் அப்படி.

அம்பயரைத் தன் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டவர் காப்பாளர். ஐம்பது வயது, பெரிய மீசை, பிரம்மச்சாரி. அம்பயரிடம் அவர் பேசுகிற பேச்சைக் கேட்டால் யாருக்கு யார் வேலைக்காரர் என்றே புரியாது.

"ஐயா எந்திரிச்சாச்சா? கோவமா? நேத்து திராட்சை குறைஞ்சு போச்சா? இந்தாங்க, நம்ம ஸ்காலரம்மா வந்திருக்காங்க, ஒரு வணக்கம் வைங்க."

அம்பயர் வணக்கம் வைக்க மாட்டான், ஸ்காலரம்மாவின் சட்டைப் பையைத்தான் பார்ப்பான்.

"இந்த மாசத்தோட ஐயாவுக்கு ரிட்டயர்மென்ட்மா," என்று காப்பாளர் பார்க்கிற போதெல்லாம் சொல்லுவார். "உங்க புத்தகம் முடிஞ்சா இவர் வேலையும் முடிஞ்சுது. மரம் செடி எல்லாம் இருக்கிற எடத்துக்கு அனுப்புறாங்களாம். கம்பியெல்லாம் எடுத்துட்டு."

"சீக்கிரம் முடிச்சுடறேண்ணே."

சொல்வாளே தவிர, அவள் ஆய்வேட்டில் ஒரு முள் மாட்டிக்கொண்டிருந்தது. அந்த முள்ளுக்குக் கண் புரொபசர் 'நிறைவேறாத பார்வை' என்று பெயர் சூட்டியிருந்தார்.

விஷயம் இதுதான். முப்பது பாகை, அதாவது முப்பது டிகிரி, தள்ளி விளக்கு எரிகிறது. தண்டின் உச்சியிலிருந்து "முப்பது பாகை போ" என்று ஆணை கிளம்புகிறது. ஆனால் கேமராவில் பார்த்தால் கண் இருபத்தாறு பாகைதான் போயிருக்கிறது. நான்கு பாகை எங்கே? தலை இறுக்கப்பட்டிருக்கிறது, அது அசைய வழியில்லை. நான்கு வருஷத்துக்கு முன் இதைக் கண்டு கண் புரொபசர் துள்ளிக் குதித்தார். உயிர் காண விரும்புவது ஒன்று, கண் காண்பது ஒன்று, இடையில் நிற்பதே நிறைவேறாத பார்வை என்று கட்டுரை எழுதினார். மூளைக்காரர்கள் கைதட்டினார்கள். தத்துவக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவருக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கிடைத்தது. ஒரு சோப்பு கம்பெனி தன் ஊழியர்களுக்கு லட்சியம் பற்றிப் பேச அவரை அழைத்தது. அங்கே அவர் அந்த நான்கு பாகையைச் சொல்லிச் சிலரை அழவே வைத்துவிட்டாராம்.

மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஸ்காலரம்மா ஒரு காலையில் தலைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இடது பக்க விளக்கு எரிந்தது. அம்பயரின் கண் துள்ளியது. கூடவே மிக மெல்லியதாக ஒரு 'டிக்' கேட்டது. வலது பக்க விளக்கு எரிந்தது. மறுபடி 'டிக்'. அவள் குனிந்து வளையத்தைப் பார்த்தாள். இரும்பு ஓரிடத்தில் தேய்ந்து பளபளவென்று இருந்தது. உரசாத இரும்பு எதற்குப் பளபளக்க வேண்டும்?

"இது முழுசா இறுகியிருக்காண்ணே?" என்று காலை மெக்கானிக்கைக் கேட்டாள்.

"மூணு சுத்து சுத்தியாச்சு."

"முழுசா இறுகியிருக்கான்னு கேட்டேன்."

"மூணு சுத்துன்னு எழுதியிருக்கு, மூணு சுத்து சுத்தியாச்சு." சுவரைக் காட்டினார். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள். 'ஸ்க்ரூவை மூன்று சுற்று இறுக்கவும்.' கீழே இரண்டு புரொபசர்களின் கையெழுத்து, பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி.

"நாலாவது சுத்து சுத்திப் பாருங்களேன்."

"சுத்தும். எனக்கே தெரியும், சுத்தும்."

"தெரியுமா?"

"நாலு வருஷம் முன்னாடி புதுப் பிடி வந்துச்சில்ல, அதுக்கு நாலு சுத்து வேணும். ஆனா தாளை மாத்தணும்னா ரெண்டு சாரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். ரெண்டு சாரும் எங்க சேர்றது? நான் எதுக்கு நடுவுல பூந்து வாங்கிக் கட்டிக்கணும்?"

ஸ்காலரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சோப்பு கம்பெனி ஊழியர்களை அழவைத்த அந்த மாபெரும் துயரம் ஒரு சுற்றுக் குறைந்த ஸ்க்ரூ. அம்பயரின் தலை நான்கு பாகை திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். கேமரா தலையோடு ஒட்டிய பட்டையில் இருந்ததால், தலை திரும்பியது அதற்குத் தெரியவே தெரியாது.

சந்தேகம் மட்டும் போதாதே, நிரூபிக்க வேண்டாமா? இங்கேதான் அந்த நிலையத்தின் சோம்பேறித்தனம் அறிவியலுக்குப் பெரிய உபகாரம் செய்திருந்தது. தலை அசைவை அளக்கும் சென்ஸார் கழுத்துப் பிரிவினுடையது. காலை நேரத்தில் அதை அணைத்து வைக்க வேண்டுமானால் கண் பிரிவிடம் ஒரு படிவத்தில் அனுமதி வாங்க வேண்டும். கண் பிரிவிடம் போய் நிற்பதா என்று கழுத்துப் பிரிவு அதை அணைக்கவே இல்லை. நான்கு வருஷக் காலைகளின் தலை அசைவு முழுவதும் நான்காம் மாடிக் கம்ப்யூட்டரில் யாரும் சீந்தாமல் கிடந்தது.

மூன்றாம் மாடிக் கணக்கை ஒரு பத்தியில் வைத்தாள், நான்காம் மாடிக் கணக்கை இன்னொரு பத்தியில் வைத்தாள், இரண்டையும் கூட்டினாள். இருபத்தாறும் நான்கும் முப்பது. ஒன்றாம் வகுப்பு மகளே போட்டிருப்பாள். ஆனால் அந்த இரண்டு எண்களை அதுவரை அந்தக் கட்டடத்தில் யாரும் ஒரே தாளில் எழுதியதில்லை. ஒன்பதாயிரத்துச் சொச்சம் தடவை அம்பயர் பார்த்த பார்வை அத்தனையிலும் கண்ணும் தலையும் கூடினால் ஆணையின் அளவு அச்சாக வந்தது. அப்படியென்றால் உச்சியிலிருந்து வருவது கண்ணுக்கான ஆணையும் அல்ல, கழுத்துக்கான ஆணையும் அல்ல. "அங்கே பார்" என்கிற ஒரே ஆணை. யார் எவ்வளவு திரும்புவது என்று கீழே உள்ள தண்டு பார்த்துக்கொள்கிறது. லூஸ் ஸ்க்ரூ இல்லாவிட்டால் இவ்வளவு தெளிவாக இது தெரிந்திருக்காது.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு வருஷத்தில் முதல் முறையாக, தனக்கு உண்மையிலேயே ஒன்று தெரியும், உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று தெரியும் என்று சந்தோஷப்பட்டாள். அன்று வீட்டில் சாப்பிடும்போது மகளுடைய கன்னத்தைப் பிடித்து இடமும் வலமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கணவன், "இன்னிக்கு என்ன, முகமெல்லாம் வெளிச்சமா இருக்கு?" என்றான். ஐந்தாம் அத்தியாயம் என்று புதிதாக இருபத்திரண்டு பக்கம் எழுதி ஆய்வேட்டில் சேர்த்து, இரண்டு மாடிக்கும் ஒவ்வொரு பிரதி கொண்டுபோய் வைத்தாள்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் இரண்டு புரொபசர்களும் அவளை ஒன்றாகக் கூப்பிட்டனுப்பினார்கள். ஒன்றாக! செய்தி கேட்டு ஆபீஸ் கிளார்க்கே எழுந்து நின்றுவிட்டார். எந்த மாடியில் சந்திப்பது என்று அரை நாள் பேரம் நடந்து, கடைசியில் தரைத்தளத்தில் பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த அறையில் உட்கார்ந்தார்கள்.

"அஞ்சாவது அத்தியாயம் படிச்சேன்," என்றார் கண் புரொபசர். குரலில் வெண்ணெய் உருகியது. "நல்லா எழுதியிருக்கம்மா."

"நானும் படிச்சேன்," என்றார் கழுத்து புரொபசர். "மொழி நடை நல்லா இருக்கு."

"ரொம்ப நன்றி சார்."

"ஆனா பாரு," என்றார் கண், "ஒரு லூஸ் ஸ்க்ரூவை வச்சு நிறைவேறாத பார்வையை இல்லைன்னு சொல்லலாமா?"

"இருக்குன்னும் அதே லூஸ் ஸ்க்ரூவை வச்சுத்தானே சார் சொன்னோம்?"

கழுத்து புரொபசருக்கு வாய்க்குள்ளேயே சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த வரி தனக்கு என்று நினைவு வந்ததும் அடங்கியது. "கழுத்துக்குத் தனி ஆணை கிடையாதுன்னும் எழுதியிருக்கே. முன்னூறு பக்கம் புத்தகம் போட்டிருக்கேன்மா அதைப் பத்தி. மூணாவது பதிப்பு அச்சுல இருக்கு."

"கணக்கைப் பாருங்க சார். கூட்டினா சரியா வருது."

"கூட்டச் சொன்னது யாரு?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். கேட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவர்களுக்குள் ஒரு பாசம் தலைகாட்டியதை ஸ்காலரம்மா கண்ணால் கண்டாள்.

அதற்குப் பிறகு அவர்கள் பேசியது ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்த அண்ணன் தம்பி பேச்சுபோல இருந்தது. ஒருவர் தொடங்கினால் மற்றவர் முடித்தார். சாராம்சம் இது: மேசைமேல் இரண்டு படிவங்கள் இருக்கின்றன. முதல் படிவம், ஐந்தாம் அத்தியாயத்தை மறுபடி சோதிக்க நான்கு வருஷம் சிறப்புக் கால நீட்டிப்பு. ஸ்க்ரூவை நான்கு சுற்று இறுக்கி, அதே குரங்கு, அதே நாற்காலி, முதலிலிருந்து. இரண்டாவது படிவம், நான்கு அத்தியாயங்கள் கொண்ட ஆய்வேட்டுக்கு ஒப்புதல். அதில் இருவரும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"உன்னைக் கட்டாயப்படுத்தலை," என்றார் கண்.

"உண்மைன்னா நாலு வருஷம் கழிச்சும் உண்மைதானே, எங்க ஓடிடப் போகுது," என்றார் கழுத்து.

"உன் இஷ்டம்," என்று இருவரும் சொன்னார்கள்.

அவள் இரண்டு படிவங்களையும் பார்த்தாள். நான்கு வருஷத்தில் முப்பத்தெட்டு வயது. மகள் ஐந்தாம் வகுப்பு. கணவன் இந்த ஊரை விட்டுப் போகலாம் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான், அவளுக்காகத்தான் தள்ளிப் போடுகிறான். மாமியாரின் போன். வாசல் காவலர், "இன்னும் இருக்கீங்களாம்மா?" என்று கேட்பார். படிக்கட்டு. முழங்கால். இருபத்திரண்டு பக்கத்தை இன்னொரு நாள், வேறொரு இடத்தில், தைரியமாக எழுதிக்கொள்ளலாம் என்று மனம் சமாதானம் சொன்னது. அந்த மனம் பொய் சொல்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

ஆய்வேட்டை எடுத்து, கிளிப்பைத் தளர்த்தி, ஐந்தாம் அத்தியாயத்தை உருவினாள். மற்ற நான்கையும் தட்டி அடுக்கி மறுபடி கிளிப் போட்டாள்.

"வாழ்த்துகள், டாக்டர்," என்றார் கண் புரொபசர். கழுத்து புரொபசர் நாற்காலிகளைத் தாண்டி வந்து கை கொடுத்தார். பிறகு இருவரும் ஏதோ கூட்டுக் கட்டுரை பற்றிப் பேசிக்கொண்டே வெளியே போனார்கள், தோளில் கை போடாத குறைதான்.

அடுத்த வாரம் அம்பயரின் தலையிலிருந்து கம்பியையும் பட்டையையும் எடுத்தார்கள். தையல் ஆறியதும் கூண்டு வண்டி வந்தது. ஸ்காலரம்மா வழியனுப்பக் கீழே இறங்கி வந்தாள். அம்பயர் கூண்டுக்குள் உட்கார்ந்து, தெருவில் போகிற சைக்கிளை, நாயை, குடையை, எல்லாவற்றையும் கழுத்து முழுவதும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். சொட்டுப் பழச்சாறு எதுவும் வரவில்லை, ஆனாலும் பார்த்தான்.

காப்பாளர் புதுச் சட்டை போட்டிருந்தார். மீசை ஈரமாக இருந்தது. அவளைக் கண்டதும் கை கூப்பினார்.

"எல்லாம் என் காதுல விழுந்துச்சும்மா. அந்த நாற்காலி ரூம் சன்னலுக்கு அந்தப் பக்கம்தான் நான் தொட்டி கழுவிட்டு இருந்தேன். அதே குரங்கு, இன்னும் நாலு வருஷம்னு அவங்க சொன்னப்ப எனக்கு உசுரே போயிடுச்சு. ஐயாவுக்கு இன்னும் நாலு வருஷம் தாங்காதும்மா." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீங்க கஷ்டப்பட்டு எழுதுனதை உருவிப் போட்டீங்களே, இவருக்காகத்தானே உருவுனீங்க. எந்தப் புள்ள செய்யும் இந்தக் காலத்துல? ஒரு வாயில்லா ஜீவனுக்காக..."

அவள் அவரைப் பார்த்தாள். அந்த அறையில் உட்கார்ந்திருந்த நேரத்தை மனதுக்குள் ஒரு தடவை முழுவதும் ஓட்டிப் பார்த்தாள். வயது வந்தது, மகள் வந்தாள், கணவன் வந்தான், மாமியார் வந்தார், வாசல் காவலர்கூட வந்தார். அம்பயர் ஒரு நொடிகூட வரவில்லை.

காப்பாளர் இன்னும் கை கூப்பியபடியே நின்றார்.

"ஆமாண்ணே," என்றாள் டாக்டர். "இவனுக்காகத்தான்."